துத்தநாகத்துக்கு வந்த மோப்பம்

எரிவாயு கசிந்தால் அலறும் கருவி யாருடையது? ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் டெட்சுரோ செயாமா, சூடேற்றிய துத்தநாக ஆக்சைடு மென்படலத்தில் வாயு பட்டதும் அதன் மின்கடத்தல் மாறுவதை 1962-இல் காட்டினார். அதே காலத்தில் வெள்ளீய ஆக்சைடில் உணரி செய்து, 1968-இல் சந்தைக்கே கொண்டுவந்தவர் நவோயோஷி டகுச்சி அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், வீடுகளுக்குள் போனது அவர் சரக்கு. ஆனால் உணரி ஏன் உணர்கிறது என்பதைக் கடைச்சரக்கு சொல்லாதே! படலத்தில் ஒட்டிய ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கிறது. எரியக்கூடிய வாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் எலக்ட்ரான்கள் விடுபட, மின்தடை சரிகிறது. பரப்பில் நடக்கும் இத்தகைய வினைகளை ஆராய்வது வினையூக்கி இயல். செயாமா ஊறிய துறை அது. வேதி உணரிகளுக்கான முதல் சர்வதேச மாநாடு 1983-இல் அவருடைய பல்கலைக்கழகம் இருக்கும் ஃபுகுவோகா நகரிலேயே கூடியது.