ஏலமலையும் விவசாயக் கல்வியும்

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே, இடுக்கி மாவட்டத்து மலைமேல் ஆனைக்கரை என்னும் ஊர் உள்ளது. ஏலக்காயே அப்பகுதியின் உயிர். கம்பம், தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்து நம்மவர் ஜீப்புகளில் மலையேறி வந்து, ஏலத்தோட்டங்களில் உழைத்து மாலையில் திரும்புகின்றனர். பலர் அங்கேயே குடியேறிவிட்டனர்.

என் தமக்கையார் அவ்வாறு குடியேறியவர். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் தொடங்கும் தறுவாயில், ஏலச்செடியின் அழுகல் நோயைத் தடுக்கும் போர்டோக் கலவையைத் தயாரிக்கும் வேலை அவரிடம் விடப்பட்டது. அளவை யாரும் சொல்லவில்லை. சுண்ணாம்பு குறைந்தது, மருந்து பட்ட இலைகள் கருகின. பழிச்சொல்லோடு இரண்டு நாள் கூலியும் போயிற்று. தோட்ட உரிமையாளரோ அதே மாதத்தில் பயிற்சி வகுப்புக்குச் சென்று வந்தவர். மலையாளத்தில் நடந்த அப்பாடம் அவருடைய குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது.

அப்படியொன்றும் கடினமான பாடமன்று அது. 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படிகிறதா எனப் பார்க்க வேண்டும்; படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும். இதனை யாரேனும் தமிழில் சொல்லியிருப்பின் என் தமக்கையார் கண்கலங்க நேர்ந்திராது.

விவசாயிக்குக் கல்வி புகட்டும் முயற்சி நம் நாட்டில் புதிதன்று. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டமும், அடுத்த ஆண்டு அதே நாளில் தேசிய விரிவாக்கச் சேவையும் தொடங்கின. கிராம சேவகர்கள் ஊர் ஊராகச் சென்றனர். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தோன்றியது. இடுக்கி மாவட்டத்திற்கான நிலையம் சாந்தன்பாறையில் உள்ளது. மைலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. 1987இல் கேரளத்தில் கிருஷி பவன்கள் தொடங்கப்பட்டன. ஆகவே நிலையங்களுக்குக் குறைவில்லை. பாடம் யார் செவிக்கு எட்டுகிறது என்பதே கேள்வி.

தாய்மொழியில் எட்டினால் என்ன நிகழும் என்பதற்குத் தஞ்சையே சான்று. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் வெளிவந்தது. அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலி தமிழில் எடுத்துரைத்தது. உழவர்கள் கேட்டார்கள், பயிரிட்டார்கள்; அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரும் இட்டார்கள்.

ஏலமலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'கட்டே' என்னும் நோய் அசுவினிப் பூச்சியால் பரவுவது. அதற்கு மருந்து கிடையாது. இளந்தளிரில் வெளிறிய கோடுகள் தென்பட்டவுடன் அத்தூரை வேரோடு பிடுங்கி அழிப்பதே வழி. ஒரு தோட்டத்தில் விட்டுவைத்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேடு. அக்கோட்டை முதலில் காணக்கூடியவர் யார்? நாள் முழுதும் செடியினடியில் குனிந்து காய் எடுக்கும் பெண்ணன்றோ! அவருக்குக் கற்பித்தால் ஊர் முழுவதும் காக்கப்படும். குடும்பஸ்ரீ குழுக்களில் சேர்ந்து குத்தகை நிலத்தில் பயிரிட முனையும் நம் சகோதரிகளுக்கும் அதுவே மூலதனமாகும்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுதோறும் மே மாதத்தில், மழைக்கு முன்னர், தொழிலாளருக்கென ஒரு நாள் வகுப்பு நடத்துமாறு கிருஷி பவன் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்வோம். மலையாளமும் தமிழும் அறிந்த நம் பிள்ளைகள் உடனிருந்து மொழிபெயர்க்கட்டும். வகுப்புக்கு வருவோர் அன்றைய கூலியை இழக்காதிருக்க ஞாயிற்றுக்கிழமையாக அமைதல் நலம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியில் வாழும் நம்மவருக்கும் இது பொருந்தும்.

ஒரு கத்தியும் ஒரு வாளியும் போதும், முதற்பாடம் தொடங்கிவிடலாம். அன்பர்கள் ஆவன செய்வார்களாக.