தம்பிக்கு எந்த வட்டு?

மாணவர்களே, பள்ளித் திடலில் குண்டு எறிதல் பயிற்சி நடக்கும்போது குண்டைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பீர்கள். அனைத்துலகப் போட்டிகளில் ஆண்கள் வீசும் குண்டு 7.26 கிலோ. 20 வயதுக்குட்பட்டோருக்கு அது 6 கிலோ, 18 வயதுக்குட்பட்டோருக்கு 5 கிலோ. வட்டு எறிதலிலும் 2 கிலோ, 1.75 கிலோ, 1.5 கிலோ என்று எடை குறைந்துகொண்டே வரும். இதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது இன்னொரு வட்டைப் பார்ப்போம். டிஸ்க் கோல்ஃப் விளையாட்டில் குழிக்குப் பதிலாக, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை இருக்கும். பிளாஸ்டிக் வட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் போடுபவர் வெல்வார். அந்தக் கூடையை உருவாக்கிய அமெரிக்கரான எட் ஹெட்ரிக், 1976-இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார்.

உங்கள் 9 வயதுத் தம்பியும் விளையாட வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கென்று தனி வட்டும் தனி விதியும் வேண்டுமா?

முதலில் வட்டு. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது என்கிறது சங்கத்தின் விதி. 21.2 செ.மீ. வட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 176 கிராம் வரும். பெரியவர்கள் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டிய வட்டுகளையே வீசுகிறார்கள். அதே அச்சில் வார்த்த 150 கிராம் வட்டுகளும் கடையில் கிடைக்கும். அவையும் விதிக்கு உட்பட்டவையே.

இந்த 25 கிராம் என்ன செய்துவிடும்? பறக்கும் வட்டைக் கீழே விழாமல் தாங்குவது காற்று தரும் தூக்குவிசை. அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்குவிசை கால் பங்காகிவிடும். தம்பியின் கை வேகம் குறைவு என்பதால் அவன் வீசும் வட்டு விரைவில் தரைக்கு வருகிறது. எடை 175-இலிருந்து 150 கிராமாகக் குறைந்தால், அதைத் தாங்கத் தேவையான வேகமும் குறையும். 150-ஐ 175-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 0.93. அதாவது 7 விழுக்காடு குறைந்த வேகமே போதும்.

அப்படியென்றால் 100 கிராம் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. காற்றுத்தடையும் இருக்கிறதே! வேகமும் வடிவமும் மாறாவிட்டால் தடைவிசையும் மாறாது. ஆனால் எடை குறைந்த வட்டை அதே விசை அதிகமாகத் தடுத்து நிறுத்தும். தாளைக் கசக்கி எறிந்து பாருங்கள், புரியும். மழைக்கு முன் அடிக்கும் காற்றில் மிக லேசான வட்டு எங்கே போகும் என்று வீசியவருக்கே தெரியாது.

எடையைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. வட்டின் மேல் பெரும்பாலும் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண், அந்த வட்டு சரியாகப் பறக்கத் தேவையான வேகத்தைக் குறிக்கும். வெற்றியாளர்கள் 12 போட்ட வட்டை வீசுகிறார்கள் என்று தம்பிக்கும் அதையே வாங்கிக் கொடுத்தால் அவன் பாடு திண்டாட்டம். வேகம் குறைந்த வட்டின் முன்பகுதியைக் காற்று மேலே தள்ளும். ஆனால் சுழலும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது, 90 பாகை தள்ளிச் சாயும். பம்பரத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். எனவே வலக்கையால், உடலுக்குக் குறுக்கே கையை இழுத்து வீசிய வட்டு, இடப்பக்கம் சாய்ந்து விழும். சுழற்சி குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரமே சாயும். தம்பி தன் கைதான் கோணல் என்று நினைத்துக்கொள்வான். கோளாறு வட்டின் தேர்வில் இருக்கிறது.

மேலும், வேக வட்டுகளின் விளிம்பு அகலமானது. 2.6 செ.மீ. வரை விதி அனுமதிக்கிறது. சிறு விரல்களுக்கு அது பிடிபடாது. கூடைக்கு அருகில் வீசப் பயன்படும் ‘பட்டர்’ வகை வட்டின் விளிம்பு குறுகியது. முதல் எண் 2 அல்லது 3, எடை 150 கிராம் அளவில் ஒரு பட்டர் வாங்கிக் கொடுங்கள். அது பொம்மை அல்ல, பெரியவர்கள் வைத்திருப்பதும் அதே வகைதான்.

கூடையைத் தாழ்த்த வேண்டுமா? கூடைப்பந்தில் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சிறுவர்களுக்கு 2.60 மீட்டருக்கு இறக்குகிறார்கள். டிஸ்க் கோல்ஃப் கூடையின் விளிம்போ பெரியவரின் இடுப்புக்கும் கீழேதான். அதை இறக்குவதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

மாற வேண்டியது தூரம். 90 மீட்டர் தள்ளியிருக்கும் கூடையை நீங்கள் இரண்டே வீச்சில் நெருங்கலாம். ஒரு வீச்சில் 20 மீட்டர் போகும் தம்பிக்கு ஐந்து வீச்சு வேண்டும். குறி பார்த்து வீசும் சுவையான கட்டம் வருவதற்குள் அவனுக்குச் சலித்துவிடும். கோத்தா திங்கிக்காரர்களுக்கு இதை அளக்க நாடாவே வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர். நீங்கள் பத்து மர இடைவெளி தள்ளி நின்றால், தம்பியை நான்கு இடைவெளி தள்ளி நிறுத்துங்கள். (தோட்டத்துக்குள்ளேயே விளையாடுவதாக இருந்தால் அனுமதி கேளுங்கள். குலை வெட்டும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

டென்னிஸிலும் இப்படித்தான். 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்று அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் 2012-இல் விதி கொண்டுவந்தது. வேகம் குறைந்த பந்தும் சிறிய ஆடுகளமும் வந்தன. பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டம் அப்படியே இருக்கிறது.

டிஸ்க் கோல்ஃப் சங்கத்திலும் 18, 15, 12, 10, 8, 6 வயதுக்குட்பட்டோருக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் விதிநூல் ஒன்றே. விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த வீச்சு. வீச்சுகளை எண்ணுவதும் அப்படியே. எனவே தம்பியின் வட்டு புதருக்குள் போனால் வெளியே எடுத்து வைத்துக் கொடுக்காதீர்கள். அங்கிருந்து எப்படி வீசுவது என்று அவனே யோசிக்கட்டும்.