ஒரு முழக் கப்பல்

பிழைப்புக்காகத் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுள் தூத்துக்குடி, நாகப்பட்டினம், கன்னியாகுமரிக் கரைகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. தகப்பன் கடலோசையில் வளர்ந்தவர். பிள்ளைகளோ மயூர் விஹாரிலும் முனிர்க்காவிலும் பிறந்து, கோடை விடுமுறையில் நாலு நாள் மட்டும் கடலைக் கண்டவர்கள். தோணி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்டால், கைபேசியில் ஒரு படத்தைக் காட்டிவிடலாம். ஆனால் பலகை எப்படி வளைந்தது, பாய்மரம் எதில் ஊன்றி நிற்கிறது என்பவற்றைப் படம் சொல்லாது. மரத்தில் சிறிய அளவில் ஒரு கப்பலைக் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாதிரிக் கப்பல் கட்டுதல் மிகப் பழைய வேலை. குஜராத்திலுள்ள லோத்தலின் அகழ்வாய்வில் சுட்ட களிமண் படகு கிடைத்திருக்கிறது. பாய்மரம் ஊன்றும் குழி அதில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் கடற்படையினர் தங்கள் போர்க்கப்பல்களுக்கு மரத்தில் நுணுக்கமான மாதிரிகள் செய்வித்தனர். நாற்பத்தெட்டு அடி நீளம் மாதிரியில் ஓரடியாக வரும். அந்தக் கப்பல்கள் போய்விட்டன. மாதிரிகள் பல இன்றும் இருக்கின்றன. டென்மார்க்கில் கடலோடிகள் தேவாலயத்திற்குக் காணிக்கையாகக் கொடுத்த சிறு கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குவதைக் காணலாம். சீகன்பால்க் ஐயர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கப்பல் புறப்பட்டதும் அந்நாட்டின் கோபன்ஹேகன் துறைமுகத்திலிருந்துதான். நம் சபைகளில் இவ்வழக்கம் இல்லை. வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை.

நம் நிலைமையைப் புரிந்துகொள்ள இரண்டு கப்பல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலி'. ஆங்கிலேயக் கடற்படைக்காக மும்பையில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-ல் நீரில் இறக்கியது. அதற்கான வரைபடங்களைக் கொண்டுவந்த கப்பல் 1812-ல் அமெரிக்கரிடம் சிக்கியதால், இன்னொரு படி வரவழைத்துக் கட்டினார்கள். இன்று அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. மற்றொன்று, யாழ்ப்பாணக் கரையிலுள்ள வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி'. அமெரிக்கக் கடலோடியான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கிப் பெயர் மாற்றினார். தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்தி 1938-ல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாய்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்த அவர்களைப்பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

தாள் வரைபடம் வைத்துக் கட்டுவது நம் கரைத் தச்சர்களின் வழக்கமன்று. ஏரா எவ்வளவு நீளம், வங்கு எங்கே வளையவேண்டும் என்பதெல்லாம் மேஸ்திரியின் கண்ணிலும் கையிலும் இருந்தன. கொழும்புக்குப் பாய்விரித்துப் போய்வந்த தூத்துக்குடித் தோணிகளும் அப்படிக் கட்டப்பட்டவையே. மேஸ்திரி மறைந்தால் கணக்கும் அவரோடு மறைகிறது. பிறகு தேடுவது எவ்வளவு பாடு என்பதற்கு 'கவுண்டின்யா' சாட்சி. அஜந்தா ஓவியத்திலுள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை மீண்டும் கட்ட 2023 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஓவியத்தைத் தவிர வேறு வரைபடம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையோடு சேர்ந்து கடற்படையினர் மாதிரி வைத்துச் சோதித்தார்கள். கேரளத் தச்சர்கள் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தார்கள். 2025 டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, 2026 ஜனவரியில் அது மஸ்கட் சேர்ந்தது.

எனவே ஊரில் தோணி கட்டிய பெரியப்பாவோ தாத்தாவோ உயிரோடிருந்தால், அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துச் செல்லுங்கள். கரையில் ஏற்றி வைத்த பழைய தோணி ஒன்றின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றையும், அணியம் எந்த அளவு எழும்பி நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் சொல்லும் பெயர்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். தில்லிக்குத் திரும்பியபின் செய்வதற்கு அதுவே போதும்.

முதல் முயற்சிக்குத் தோணி கடினம். அதற்கு நோவாவின் பேழையே தக்கது. ஆதியாகமம் ஆறாம் அதிகாரம் அதன் அளவை முந்நூறு, ஐம்பது, முப்பது முழமாகக் கொடுக்கிறது. முந்நூறில் ஒரு பங்காகச் செய்தால் பேழையின் நீளம் சரியாக ஒரு முழம். பிள்ளையின் முழங்கை முதல் நடுவிரல் நுனிவரை ஒரு நூலை அளந்து வெட்டுங்கள், அதுவே நீளம். நூலின் ஆறில் ஒரு பங்கு அகலம், பத்தில் ஒரு பங்கு உயரம். பூக்காரம்மா அளக்கும் முறைதான், அடிக்கோல் வேண்டியதில்லை. உங்கள் முழம் 45 சென்டிமீட்டர் என்றால் அகலம் ஏழரை, உயரம் நாலரை. உள்ளே மூன்று தட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் ஆறடி மனிதர் ஆறு மில்லிமீட்டரே இருப்பார். மூன்று மீட்டர் யானை ஒரு சென்டிமீட்டர். பேழையின் பெருமையைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக விளக்க முடியுமா என்று தெரியவில்லை. வேதம் பாய்மரத்தையும் சுக்கானையும் சொல்லவில்லை. ஆகவே கயிறு கட்டும் சிக்கலும் இல்லை.

வெளிநாட்டுப் பெட்டிகளில் வெட்டிய பாகங்களோடு விற்கும் கப்பல்கள் ஒரு சிறு குடும்பத்தின் மாத வாடகையையே விழுங்கிவிடும். அவை தேவையில்லை. கீர்த்தி நகர் மரச்சந்தையில் கழிவுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். மெல்லிய ஒட்டுப்பலகை, மூங்கில் சிம்பு, ஐஸ்கிரீம் குச்சி, வெள்ளைப் பசை, உப்புத்தாள், துணி உலர்த்தும் கிளிப்புகள் ஆகியவற்றோடு தொடங்கலாம். பலகையை வளைக்க வெந்நீரில் ஊறவைத்து, அச்சில் வைத்துக் கிளிப்பால் பிடித்து இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் பிளந்துவிடும். கத்தியைப் பெரியவர் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

தில்லியின் காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். மே, ஜூன் மாத வறண்ட காற்றில் மரம் சுருங்கி இடுக்கு விடும்; ஆடி மழையில் ஊதும். பருத்தி நூலில் பாய்க்கயிறு கட்டியிருந்தால் ஈரத்தில் இறுகி மெல்லிய பருமலை முறித்தும்விடும். நூலுக்குத் தேன்மெழுகு பூசியபின் கட்டுங்கள். ஒற்றை அறை வீட்டில் இடமில்லையே என்பீர்களானால், கதவின் மேலே ஒரு பலகையடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் கார்த்திகை வருவதற்குள் தளம் முழுவதும் புழுதி படிந்துவிடும். அந்தக் கயிறுகளுக்கிடையே துடைப்பது கட்டுவதைவிடப் பெரிய வேலை.