பூச்சிமருந்துப் புட்டிகளின் மேலுள்ள வர்ணக் குறி

வெள்ளாற்றங்கரையிலுள்ள புவனகிரி வட்டாரத்தில், சம்பா நெற்பயிரில் தண்டு துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு, புகையான் ஆகியவை காணுங்காலத்தில் குடியானவர்கள் மருந்துக் கடையை நாடுகின்றனர். அவர்களில் சிலர், "சிவப்புக் குறி போட்ட மருந்தாகக் கொடுங்கள், அதுதான் வேகமாய்க் கேட்கும்" என்று சொல்வதுண்டு. இவ்வெண்ணம் தவறானது, உயிருக்கே ஆபத்தை விளைவிக்கத் தக்கது. புட்டியின் மேலுள்ள வர்ணம், மருந்து பூச்சியை எவ்வளவு கொல்லும் என்பதைக் காட்டுவதன்று. அதைக் கையாளும் மனிதனுக்கு அது எவ்வளவு விஷம் என்பதையே காட்டுகிறது.

குறி ஏற்பட்ட வரலாறு

1958 ஆம் வருஷத்தில் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும், பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து பட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். உணவுப் பண்டமும் மருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, மருந்து கசிந்ததே இதற்குக் காரணம். இத்துயரத்துக்குப் பின் நடந்த விசாரணைகளின் பயனாக 1968 இல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971 இல் அதன் விதிகளும் ஏற்பட்டன. எழுத்தறியாதவரும் கண்டவுடன் ஆபத்தின் அளவை உணரும்பொருட்டு வர்ணக் குறி இவ்விதிகளில் வகுக்கப்பட்டது.

குறியின் அமைப்பு

சீட்டின் மேல் முனையில் நிற்கும் சதுரம் ஒன்று இருக்கும். அது மேலும் கீழுமாக இரு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல்லும், கீழ்ப்பாதியில் வர்ணமும் காணப்படும். சீட்டின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் இச்சதுரம் இருத்தல் வேண்டும்.

சிவப்பு: மிகக் கொடிய விஷம். மண்டையோடும் எலும்புகளும், 'விஷம்' என்ற சொல்லும் இருக்கும். அளவு 1 முதல் 50.
மஞ்சள்: கொடிய விஷம். மண்டையோடு இராது, 'விஷம்' என்ற சொல் இருக்கும். அளவு 51 முதல் 500.
நீலம்: நடுத்தர விஷம். 'அபாயம்' என்றிருக்கும். அளவு 501 முதல் 5000.
பச்சை: குறைந்த விஷம். 'எச்சரிக்கை' என்றிருக்கும். அளவு 5000க்கு மேல்.

இங்கே அளவு என்பது யாதெனில், சோதனைக்குரிய எலிகளுக்கு வாய்வழியாக மருந்தைக் கொடுக்கையில் அவற்றில் பாதி மாளுவதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வேண்டிய மில்லிகிராம் ஆகும். எண் குறையக் குறைய விஷம் மிகுதி என்று அறிக. எலிக்குக் கண்ட அளவை மனிதனுக்கு அப்படியே சொல்ல இயலாது. ஆயினும், 50 கிலோ எடையுள்ள ஆளுக்கு 50 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டால் வருவது இரண்டரை கிராம் மட்டுமே. சிவப்புக் குறியின் பொருளை இதிலிருந்து உணரலாம். தோல் வழியாக ஏறும் விஷத்துக்கும் இவ்வாறே தனி அளவுகள் உண்டு.

வர்ணமும் பலனும்

சிவப்புக் குறியுடன் விற்கப்பட்டு வந்த மானோகுரோட்டோபாஸ், பயிரின் பூஞ்சாண நோய் எதையும் தீர்ப்பதன்று. பச்சைக் குறியுள்ள மேங்கோசெப் பூஞ்சாணத்தைத் தடுக்கும். ஆனால் தண்டு துளைப்பானைக் கொல்லாது. ஆகவே முதலில் பூச்சியை அல்லது நோயைச் சரியாய் அறிந்து, அதற்குரிய மருந்தைத் தேர்தல் வேண்டும். ஒரே பலனைத் தரும் மருந்துகள் பல கிடைக்குமாயின், விஷம் குறைந்த குறியுடையதையே வாங்குதல் நலம். பச்சைக் குறியைக் கண்டு மருந்தைக் கஷாயம்போல் எண்ணுதலும் கூடாது; அதுவும் விஷமே.

நிலச்சொந்தக்காரர் கடமை

மருந்தை வாங்குபவர் ஒருவர். தெளிப்பவர் பெரும்பாலும் கூலியாள். கடையில் சீட்டைக் கண்டவர் அதன் எச்சரிக்கையை வயலிலுள்ள ஆளுக்குச் சொல்லாவிடில், குறி இருந்தும் பயனில்லை. ஆதலால்:

1. மருந்தைச் சோடாப் புட்டி, எண்ணெய்ப் புட்டி முதலியவற்றில் ஊற்றி அனுப்பலாகாது. குறி போனால் எச்சரிக்கையும் போயிற்று.
2. தெளிப்பதற்கு முன் ஆளிடம் குறியைக் காட்டி விளக்குக. கையுறை, முகமூடி, உடலை மூடும் துணி ஆகியவற்றைக் கொடுக்க. எதிர்க்காற்றில் தெளிக்க விடலாகாது.
3. நெல், மாவு, தீவனம் ஆகியவற்றுடன் மருந்தை வைக்கலாகாது. தனி அலமாரியில் பூட்டி வைக்க.
4. காலிப் புட்டியைத் தண்ணீர் மொள்ள உபயோகிக்கலாகாது. அதை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைத்தல் வேண்டும் என்பது விதி.
5. யாருக்கேனும் தலைசுற்றல், வாந்தி, மிகுந்த வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. புட்டியையோ, உடன் வந்த துண்டுப் பிரசுரத்தையோ தவறாமல் கொடுத்தனுப்புக. எந்த விஷம் என்று வைத்தியர் அறிய அதுவே துணை.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தெளிப்புக் காலம் தொடங்குமுன் இந்நான்கு வர்ணங்களையும் பொதுச் சுவரொன்றில் எழுதச் செய்து, ஊராருக்கு விளக்குவார்களாயின் பெரிதும் நன்மை உண்டாகும். ஒரு பருவத்தில் போன மகசூலை மறு பருவத்தில் பெறலாம். தெளித்தவனுடைய உயிரை அவ்வாறு பெற இயலாது.