கூட்டலா, பெருக்கலா?

"டீச்சர், இது கூட்டலா, பெருக்கலா?"

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். நான் பதில் சொல்வதில்லை. "விடை எதற்குள்ளே இருக்கும், அதை முதலில் சொல்லு கண்ணு" என்பேன். கணக்குக்குப் பயப்படும் பிள்ளைகளிடம் எனக்குப் பலிக்கிற ஒரே வழி இதுதான்.

தோட்டத்துக்கு வேலி போட முருகனுக்கு 10 நாள் ஆகும், செல்விக்கு 15 நாள். இருவரும் சேர்ந்து போட்டால் எத்தனை நாள்? பாதி வகுப்பு 25 என்று எழுதும். கெட்டிக்காரர்கள் சிலர் பன்னிரண்டரை என்பார்கள். தனியாகவே 10 நாளில் முடிப்பவனுக்குத் துணைக்கு ஆள் வந்தபின் வேலை நீளுமா? நீளாது. ஆக, விடை 10-க்குள். இருவருமே முருகன் வேகத்தில் வேலை செய்தால் 5 நாள், இருவருமே செல்வி வேகத்தில் என்றால் ஏழரை நாள். விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். பேனாவைத் திறக்காமலே இவ்வளவு தெரிந்துவிட்டது.

இனி வேலியைத் துண்டு போடுவோம். 10, 15 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் சிறிய எண் 30. மீச்சிறு பொது மடங்கு என்று படித்தோமே, அதற்கு இங்கேதான் வேலை. வேலி மொத்தம் 30 பங்கு என்றால் முருகன் நாளுக்கு 3 பங்கு போடுவான், செல்வி 2 பங்கு. சேர்ந்து 5. முப்பதை ஐந்தால் வகுத்தால் 6 நாள்.

இரண்டு எண்ணையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் இதே 6 வரும். அந்தச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதை நான் ஏற்பதில்லை. தனியாக 30 நாள் எடுக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் வந்ததும் சூத்திரக்காரப் பிள்ளை திகைத்து நிற்கும். பங்கு போடத் தெரிந்த பிள்ளையோ, அவர் நாளுக்கு 1 பங்கு, ஆகவே நாளுக்கு 6 பங்கு, 5 நாளில் முடியும் என்று வாயாலேயே சொல்லிவிடும்.

ரயில் கணக்கில் தடுக்குவது வேறிடம். 150 மீட்டர் நீள ரயில் 250 மீட்டர் நடைமேடையைக் கடக்க ஓட வேண்டிய தூரம் 400 மீட்டர், ஏனென்றால் கடைசிப் பெட்டியும் வெளியே வர வேண்டும். படம் போட்டுப் பார்த்தால் போதும். ரயிலின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் அது நொடிக்கு 20 மீட்டர், ஆகவே கடக்க 20 நொடி.

சதவீதத்தில்தான் பெரியவர்களும் ஏமாறுகிறார்கள். 20 சதவீதத் தள்ளுபடி போக 960 ரூபாய்க்கு வாங்கிய சேலையின் குறித்த விலை என்ன? பெரும்பாலோர் 960-இல் 20 சதவீதமான 192-ஐக் கூட்டி 1,152 என்பார்கள். நான் கேட்பது, "எதை நூறு என்று வைத்தாய்?" கடைக்காரர் தள்ளுபடி தந்தது குறித்த விலையில், அதுதான் நூறு. நாம் கொடுத்த 960 அதில் 80 சதவீதம். ஒரு சதவீதம் 12 ரூபாய், நூறு சதவீதம் 1,200 ரூபாய்.

ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா, கணக்குத் தீர்க்கும் முறை பற்றி 1945-இல் ஒரு நூல் வெளியிட்டார். கணக்கைப் புரிந்துகொள்வது, வழி வகுப்பது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது என நான்கு படிகள் சொல்கிறார். நம் பிள்ளைகள் மூன்றாவது படியிலேயே குடியிருக்கிறார்கள். நான்காவதற்கு அரை நிமிடம் போதும். 1,152-இல் 20 சதவீதம் 230 ரூபாய் 40 காசு. கழித்தால் மிஞ்சுவது 921 ரூபாய் 60 காசு. பில்லில் இருப்பதோ 960. அதே அரை நிமிடத்தில் 1,200-ஐயும் சோதிக்கலாம்: 240 போக, 960.