வலிய உருக்கும் மெல்லிய வாயுவும்



கம்பியை வளைத்தால் அது வளையும். கண்ணாடிக் கோலை வளைத்தால் அது ஒடியும். இரும்பின் பெருமை அதன் வலிமை மட்டுமன்று; உடையுமுன் வளைந்து கொடுப்பதும் அதன் பெருமையே. அந்த வளைவு நமக்கு ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை எதுவுமின்றி உருக்கும் கண்ணாடி போல ஒடியுமாயின் யாது செய்வோம்? அவ்வாறு அதனை ஒடியச் செய்வது, வாயுக்கள் யாவற்றினும் இலேசான ஐதரசனே.

1875 ஆம் ஆண்டில் வில்லியம் ஜோன்சன் என்னும் ஆங்கிலேயர் இதனை இலண்டன் றோயல் சொசைட்டிக்கு அறிவித்தார். அமிலத்திற் சில நிமிடங்கள் தோய்த்தெடுத்த இரும்புக் கம்பி, முன்போல வளையாது எளிதில் ஒடிந்தது. ஒடிந்த முகத்தை நீரால் நனைத்தபோது அதிலிருந்து குமிழிகள் நுரைத்தெழுந்தன. அக்கம்பியை நெடுநேரம் வாளா வைத்திருந்தால், அது மெல்ல மெல்லப் பழைய உறுதியைப் பெற்றது. எனவே, உள்ளே புகுந்த ஐதரசனே குற்றவாளி என்பதும், அது வெளியேறினால் குற்றம் நீங்கும் என்பதும் புலனாயின.

திண்ணிய இரும்பினுள் வாயு புகுவது எங்ஙனம்? கலைத்துறையிற் பயின்ற எனக்கும் முதலில் எழுந்த ஐயம் இதுவே. ஐதரசன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்துள்ளன. இரும்பை அமிலம் அரிக்கும்போதும், மின்முலாம் பூசும்போதும், ஈரத்தில் உலோகம் அரிபடும்போதும், ஐதரசன் தனித்தனி அணுவாகத் தோன்றுகின்றது. மிகச் சிறியதாகிய அது, தன் துணையோடு சேருமுன் இரும்பணுக்களின் இடைவெளியிற் புகுந்துவிடும். புகுந்தபின் ஓரிடத்தில் நில்லாது அலைந்து, இழுவிசை மிகுந்த இடத்தில், சிறப்பாக நுண்ணிய வெடிப்பின் முனையிற் சென்று திரளும். அங்கே அது இரும்பணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகின்றது என்பர் ஒரு சாரார். உலோகத்தின் நெகிழ்ச்சியை ஓரிடத்தில் ஒடுக்கி முறிவை விரைவுபடுத்துகின்றது என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், பத்து இலட்சத்தில் ஒரு சில பங்கு ஐதரசனே வலிமிக்க உருக்கைக் கெடுக்கப் போதுமானது.

ஐதரசன் அலைந்து திரள்வதற்குக் காலம் வேண்டும். ஆதலால் சுமை ஏற்றிய அன்று தாங்கி நின்ற உருக்கு, சில நாள் கழித்து ஒடிதலும் உண்டு. அமெரிக்காவிற் சான்பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில் நிகழ்ந்ததும் இதுவே. நில நடுக்கத்தைத் தாங்குதற்கென ஒரு தூணில் 2008 இல் 96 உருக்குத் தண்டுகள் பொருத்தப்பட்டன. மூன்று அங்குல விட்டமுடைய அத்தண்டுகள் நாகமுலாம் பூசப்பட்டவை. அவை நின்ற துளைகளில் நீர் தேங்கியது. 2013 மார்ச்சில் அவற்றை இறுக்கியபின், சில நாட்களுக்குள் 32 தண்டுகள் முறிந்தன. தண்டுகளின் மிகுந்த கடினமும், ஐதரசனும், இறுக்கிய விசையும் ஒருங்கு கூடியதே காரணம். பாலம் திறக்கப்படுமுன்னரே குறை வெளிப்பட்டது நற்பேறு. முறிந்த தண்டுகளின் பணியைச் செய்ய வேறோர் உருக்கு அமைப்பை நிறுவினர்.

இங்கே கருதத்தக்கதொன்றுண்டு. மென்மையான இரும்பு ஐதரசனை ஓரளவு பொறுத்துக்கொள்கின்றது. கடினம் ஏற ஏற உருக்குப் பொறுமை இழக்கின்றது. ஆகவே மிக வலிய உருக்கே எவ்விடத்தும் சிறந்ததெனக் கொள்ளலாகாது. முலாம் பூசிய கடின உறுப்புக்களைத் தாமதியாது ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்திற் பல மணி நேரம் வைத்தெடுத்தால், ஐதரசனிற் பெரும்பகுதி வெளியேறும். எஞ்சியதும் தீங்கற்ற இடங்களில் அடங்கும். அமிலத்திற் தோய்ப்பதைத் தவிர்த்தலும் ஈரந் தேங்காமற் காத்தலும் ஏனைய காப்புக்கள்.

புகையற்ற எரிபொருளாக ஐதரசனைக் குழாய்களிற் கொண்டுசெல்ல நாடுகள் பல இன்று முயல்கின்றன. அக்குழாய்க்கும் கலத்திற்கும் உலோகத்தைத் தேர்வோர், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதோடு, உடையுமுன் வளைந்து கொடுக்குமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அந்த வினாவை மறந்தால், எச்சரிக்கையற்ற முறிவே அதற்கு விடையாகும்.