பகா எண்ணைக் கண்டறியும் வழி: கான்பூரில் ஓர் ஆசிரியரும் இரு மாணவரும்

ஓர் எண் பகா எண்ணா, பகு எண்ணா? சிறிய எண்ணாயின் இதற்கு விடை கூறல் எளிது. நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணாயின் மிக அரிது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் பழைய முறையில் ஐம்பது இலக்க எண்கள் வரை வகுத்தாக வேண்டும். எத்துணை விரைவான கணிப்பொறிக்கும் அது இயலாது. விரைவான வேறு முறைகளும் இருந்தன. ஆயின், அவற்றுள் சில சிறிது ஐயத்துக்கு இடம் வைத்தன. சில, நிறுவப்படாத கருதுகோளைச் சார்ந்து நின்றன.

ஐயத்துக்கு இடமற்ற விரைவான முறையை 2002 ஆகஸ்டில் வெளியிட்டவர்கள், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டில் இளநிலைப் பட்டம் பெற்ற அவர்தம் மாணவர்களான நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோருமாவர்.

அதன் அடிப்படையை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே காட்டலாம். ஒன்றுடன் ஓர் அறியாக் கணியத்தைக் கூட்டி, ஐந்தாம் அடுக்குக்கு விரித்தால் வரும் குணகங்கள் 1, 5, 10, 10, 5, 1. இருமுனைகள் நீங்கலாக மற்றவை யாவும் 5-ஆல் வகுபடும். நான்காம் அடுக்கில் வருபவை 1, 4, 6, 4, 1. இவற்றுள் 6 என்பது 4-ஆல் வகுபடாது. 5 பகா எண். 4 பகு எண். ஒன்றுக்கு மேற்பட்ட எல்லா முழு எண்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆனால் எண் பெரிதாயின் குணகங்களை எழுதி முடியாது. ஆகவே இம்மூவரும் விரிவு முழுவதையும் எழுதாமல், தக்கதொரு சிறிய கோவையால் வகுத்து, மீதிகளை மட்டும் ஒப்பிட்டனர். சில எளிய முன்சோதனைகளுடன், வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் இவ்வாறு ஒப்பிடுவதே போதும் என்று நிறுவினர். இலக்கங்கள் கூடும்போது வேலையும் கூடும். எனினும் கட்டுக்கடங்காமற் பெருகாது.

இது ஒருநாளில் விளைந்ததன்று. 1999-இல் அகர்வாலும் அவருடைய சக ஆசிரியர் சோமநாத் பிஸ்வாசும் இவ்வழியில் முயன்றனர். 2001-இல் வேறிரு மாணவர்கள் தம் பட்டப்படிப்பு ஆய்வாக இதனைத் தொடர்ந்தனர். அவர்கள் விட்ட இடத்திலிருந்தே பின்வந்தவர்கள் தொடங்கினர். 2004-இல் ‘ஆனல்ஸ் ஆஃப் மாத்தமாடிக்ஸ்’ இதழில் கட்டுரை அச்சாயிற்று. 2006-இல் கேடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் மூவருக்கும் கிடைத்தன.

இம்முறை பகு எண்ணை இனங்காட்டுமேயன்றி அதன் காரணிகளைக் கண்டு தராது. நடைமுறையில் பெரிய பகா எண்களைத் தேட, மிகச் சிறிய ஐயத்துக்கு இடந்தரும் பழைய முறைகளே இன்றும் விரைவானவை. எனினும், நெடுநாள் வினாவொன்றுக்கு இது முடிவான விடையாயிற்று. தீராத வினாவை மறைத்து வையாமல், ஆண்டுதோறும் வரும் மாணவரிடம் ஒப்படைத்தலும் ஆசிரியப் பணியேயாம்.